பாடியவர்: ஒருவர்

சனிக்கிழமை மூன்றரைக்கு
புன்னாலைக்கட்டுவன் கூட்டுறவுச் சங்கத்தின்
பழைய உரக் களஞ்சியத்தில் பாட்டு வகுப்பு.
யூரியா மணம் இன்னும் போகவில்லை.
முதல் நாள் எல்லோரும் தும்மினோம்.
தும்மலாவது ஒரே சுருதியில் விழுந்ததே என்றாள் றெஜினா.

இருபத்தொரு பேர்.
வரவு எழுதுவது நான்.
குரல் இல்லாதவளுக்கு ஒரு கொப்பி வேண்டும்.

இன்னொரு கொப்பியும் இருக்கிறது.
தபால்காரர் ஒருவர் எழுபதுகளில்
கடிதம் கொடுத்த கையோடு
படலைகளில் நின்று எழுதியெடுத்த சீஆர் கொப்பி.
அரிவு வெட்டு, சூடடிப்பு, தாலாட்டு, வசை,
கடல் இல்லாத ஊருக்கு எப்படியோ வந்துசேர்ந்த
ஒரு வலை இழுப்பு.
முப்பத்திரண்டாம் பக்கத்தில் துலாப்பாட்டு.
மேலே மணியான எழுத்தில்:

கிணறு: விசுவலிங்கத்தார் வளவு.
பயிர்: வெங்காயம்.
பாடியவர்: ஒருவர்.

விசுவலிங்கத்தார் என் அப்பாவின் அப்பா.
முதல் கிழமை
அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

*நாப்பதோ நாப்பது நடக்குது துலா*
*நாப்பத்தொண்டுக்கு நிலா இறங்குது*

றெஜினா தொலைபேசியில் தாளம் வைத்தாள்.
டிக், டிக், டிக்.
நாங்கள் நூறு வரை ஓடினோம்.
நிலா நாலைந்து தரம் இறங்கியது.

பவுசர் கமலதாசன் மட்டும் பாடவில்லை.
சபைத் தண்ணீரைக் குச்சொழுங்கை தோறும் இறக்கிவிட்டு
காக்கிச் சட்டையோடு வருகிறவர்.
"உந்த வேகத்தில மிதிச்சா
ஆள் கிணத்துக்குள்ளதான், ரீச்சர்."

இரண்டு உரச் சாக்கு.
மேலே ஒரு பலகை.
ஏறினார். மூன்று அடி. பலகை பணிந்தது.
திரும்பினார். மூன்று அடி.
திரும்புகிற இடத்தில்
பாட்டில் ஒன்றுமே இல்லை.
அந்த இடத்தைத்தான்
நாங்கள் ஆகாரம் போட்டு நிரப்பியிருந்தோம்.

"அது ஆள் திரும்புற இடம்.
வாய் சும்மா இருக்கும்."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள்.
"எங்கட வீட்டில உது பாட்டில்லை, கணக்கு."

தேத்தண்ணீர் வந்தது.
மாரி பிஸ்கற்றைத் தோய்த்தபடி, பிளேன்ரீயைப் பார்த்துச் சொன்னார்:
"உந்த ஒருவர் எங்கட பெரியப்பா.
விடிய மூண்டு மணிக்கு ஏறினா ஆயிரம் பட்டை.
எல்லாம் வெங்காயத்துக்கு.
தனக்கு விடாய்ச்சா
ஆரும் எட்டத்தில நிண்டு வாத்துவிட வேணும்."

பிஸ்கற் உடைந்து உள்ளே விழுந்தது.
கிழமைக்குக் கிழமை வரவுப் புத்தகத்தில்
என் முழுப்பெயருக்குக் கீழே கையெழுத்து வைக்கிறவர் அவர்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்றார் வங்கிப் பரஞ்சோதி.
பிசகிய சுருதி மாதிரி
அதை ஒருவரும் தொடர்ந்து எடுக்கவில்லை.

நான் முப்பத்திரண்டாம் பக்கத்தை விரித்தேன்.
பேரைச் சொல்லுங்கோ.
"பென்சிலால எழுதுங்கோ."
ஏன்?
"வைச்ச பேர் கணபதி.
உங்கட வளவில கூப்பிட்டது வேற.
நீங்கள் எதை எழுதப் போறியள்?"

மற்றப் பெயரும் எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டுப் பகிடி ஒன்றில்
அது இப்போதும் வரும்.
நானும் சிரித்திருக்கிறேன்.

றெஜினா தொலைபேசியை அணைத்துவிட்டு
மறுபடி எடுத்தாள்.
ஆளுக்காள் பலகையில் ஏறினோம்.
பரஞ்சோதி தடுமாறினார்,
இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள்.
என் முறை வந்தது.
ஒரு கையில் கொப்பி.
மூன்று அடி.
வாய் சும்மா இருக்கிற இடத்தில்
எனக்கு முதன்முதலாக
சுருதி பிசகவில்லை.

இறங்கி எழுதினேன்: கணபதி.
'ஒருவர்' தபால்காரரின் மை, அதை அழிக்கவில்லை.
விசுவலிங்கத்தாரும் மையில்தான் இருக்கிறார்.
பென்சில் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது.
கமலதாசன் எட்டிப் பார்த்தார்.
சரி என்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு பவுசர் புறப்பட்டது.
மூடாத குழாய்
ஒழுங்கை நெடுக ஈரக் கோடு இழுத்துப் போனது.
பலகையை எடுக்கவேண்டாம் என்று
களஞ்சியக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்.
நாற்பத்தொன்றில் நிற்கிறது.